கைக் கரும்புள்ளிகளுக்குக் கிறீமா, லேசரா?

ஐம்பதைத் தாண்டியபின் புறங்கையில் விழும் தட்டையான பழுப்புப் புள்ளிகளுக்கு நான் தேர்ந்தது கிறீம். என் மச்சாள் கொழும்பில் லேசர் செய்துகொண்டார். நான் கிறீமின் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேசிக்காய்ச் சாற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் வெந்து, இருந்ததைவிடக் கறுத்துப்போகும். என்ன கலந்திருக்கிறது என்று அச்சிடாத வெண்மையாக்கும் கிறீம்களில் பாதரசமோ ஸ்டீரொயிட்டோ இருக்கக்கூடும், தொடவே வேண்டாம். விரலால் தடவும்போது மேடு தட்டுப்பட்டால் அது வேறு வகை, கிறீமுக்கு மசியாது. வளர்கிற, ஓரம் கோணலான, இரத்தம் கசிகிற புள்ளியை வைத்தியர் பார்த்த பிறகே மற்றதெல்லாம்.

லேசரின் பலம் வேகம். மச்சாளின் கையில் பொருக்கு உதிர்ந்ததும் புள்ளி இருந்த இடமே தெரியவில்லை, பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் லேசர் தேடிப் போவது நிறமியை. நம் மாநிறத் தோலில் புள்ளியைச் சுற்றிலும் அதே நிறமி உண்டு. சூடு அங்கும் பட்டு, ஆறும்போது கறுக்கலாம். திரவ நைதரசனால் உறைய வைப்பதை நான் யோசிக்கவே இல்லை. நிறமிக் கலங்கள் குளிருக்கு முதலில் சாகும் என்பதால் வெள்ளைத் தழும்பு மிஞ்சலாம். நம் கையில் கறுப்பைவிட வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும்.

கிறீம் மெதுவானது. வைத்தியர் எனக்கு எழுதித் தந்தது 20 வீத அசெலாயிக் அமிலம் கலந்த கிறீம். முதலில் சுணைபட்டதுபோல் அரித்தது, பிறகு பழகிவிட்டது. புள்ளியின் ஓரம் முதலில் தோலோடு கரைகிறது. நடுப்பகுதி மாதக்கணக்கில் பிடிவாதம் பிடிக்கிறது. முற்றாக மறையவில்லை, மங்கியிருக்கிறது. தோலை வெளிற வைக்கும் ஹைட்ரோகுயினோன் என்ற மருந்து இதைவிட விரைவு என்கிறார்கள். ஆனால் அதை வைத்தியரின் கண்காணிப்பில் சில மாதங்கள் மட்டுமே பூசலாம். ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக் கறுப்பாகக் கறை படியும். அதை எடுப்பது பெரும்பாடு.

எனக்கு முடிவைச் சொன்னது வேகமோ செலவோ அல்ல, அதன்பிறகான பராமரிப்பு. இந்தப் புள்ளிகளைக் கிளப்புவது வெயில். வன்னியில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. ஸ்கூட்டரின் கைபிடியைப் பிடித்து ஏ9 வீதியில் போனால் புறங்கை முழுவதும் வானத்தைப் பார்த்தபடிதான். மச்சாள் புதுக்குடியிருப்புக்குத் திரும்பிக் கச்சான் தோட்டத்தில் இறங்கினார். அடுத்த செய்கை வருவதற்குள் அதே இடங்கள் மறுபடி பழுப்பாகிவிட்டன. அவர் மீண்டும் கொழும்பு பஸ் ஏற வேண்டும். எனக்குத் தேவை கிளிநொச்சி பாமசியில் இன்னொரு குழாய்.

கிறீம் பூசுகிறவருக்கும் வெயில் சலுகை தராது. எஸ்.பி.எஃப் 30 சூரியத்தடுப்பை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூசச் சொல்கிறார்கள். முகத்துக்குச் சரி. மீன் கழுவி, அரிசி களைந்து, சாப்பிட்டுக் கை அலம்பும் கையில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? அதனால் துணியை நம்புகிறேன். கிழிந்துபோன நீளக்கைச் சட்டையின் கையை வெட்டி, கட்டைவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டால் விரல்மொழிவரை மூடிக்கொள்ளும். வியர்த்தால் தோய்த்துக் காயப்போடலாம்.

ஒரு மச்சாளின் கையை வைத்து எல்லா லேசரையும் எடைபோட முடியாது. நாள் முழுவதும் அலுவலகத்துக்குள் இருப்பவருக்கு அது கூடுதல் காலம் நிற்கலாம். செய்தே தீருவேன் என்பவர்கள் மாநிறத் தோலில் கைபழகிய நிபுணரைத் தேடி, வெயில் அடங்கிய மாரியில் போங்கள். முதலில் ஒரே ஒரு புள்ளியில் செய்து, அது ஆறும் விதத்தைப் பார்த்தபின் மற்றவற்றுக்குச் சம்மதியுங்கள்.