ஸ்கெலிட்டல், போனி: எதை எங்கே எழுதுவது?

ஆங்கிலத்தில் இரண்டுமே எலும்பைச் சுற்றி வரும் பெயரடைகள்தாம். போனி கைக்குத் தட்டுப்படுவதைச் சொல்கிறது: கணு துருத்திய விரல்கள், முள் நிறைந்த மீன். ஸ்கெலிட்டல் முழு எலும்புக்கூட்டையும் சார்ந்தது. எலும்புகளோடு இணைந்து நம் விருப்பப்படி இயங்கும் தசைக்கு மருத்துவத்தில் ஸ்கெலிட்டல் தசை என்றே பெயர்; அங்கே போனி என்று எழுதினால் பிழை.

உடல்மெலிவைச் சொல்லும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். போனி என்றால் எலும்பு தெரியும் ஒல்லி, அவ்வளவே. ஸ்கெலிட்டல் என்றால் பட்டினியோ நோயோ உருக்குலைத்து எலும்பும் தோலுமாக்கிய உடல். ஒல்லியான நண்பரை அப்படி வர்ணிப்பது கொடுமை.

விவரம் நிரப்பாத வரைவுத் திட்டத்துக்கும் ஸ்கெலிட்டல் பொருந்தும். குறைந்த ஆட்களோடு இயங்கும் பணிக்குழுவுக்கு மட்டும் ஸ்கெலிட்டன் என்ற பெயர்ச்சொல்லே பெருவழக்கு.