பின் சீட்டில் ஒரு பெல்ட்: கட்டுநாயக்காவிலிருந்து அட்டன் வரை

விடியற்காலை நாலு மணிக்கு இலங்கையின் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினேன். மலையகத்திலிருக்கிற அட்டனுக்குப் புறப்படும்போது ஒன்பதைத் தாண்டிவிட்டது. குடிவரவு, பெட்டி எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தன. மீதி நேரம் முழுக்க ஒரேயொரு விஷயத்துக்குப் போனது: பின் சீட்டில் வேலை செய்கிற பெல்ட் உள்ள வேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் இதே அட்டன் ரோட்டில், கினிகத்தேனை தாண்டி வட்டவளைக்கு முன்னால் ஒரு வளைவில், எங்கள் வேன் மழையில் வழுக்கித் தேயிலை மலைக்குள் மூக்குக் குப்புற இறங்கி மரத்தில் மோதியது. நான் நடுச் சீட்டில் இருந்தேன், பெல்ட் இல்லை. முன் சீட்டில் மச்சான் பெல்ட் போட்டிருந்தார். நான் அப்படியே பறந்து அவருடைய சீட்டில் போய் அடித்தேன். எனக்குத் தொடை எலும்பும் இடுப்பும் உடைந்தன. அவருக்குத் தோள்பட்டை உடைந்தது. அது மரம் அடித்து உடைந்ததல்ல, நான் அடித்து உடைந்தது. பின்னால் இருப்பவருக்குப் பெல்ட் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். வண்டி நின்றாலும் பின்னால் இருக்கிற உடம்பு நிற்காது, அதே வேகத்தில் முன்னால் இருப்பவர் மேல்தான் விழும்.

லண்டனில் பெரியவர்களும் பின் சீட்டில் பெல்ட் போட வேண்டும் என்பது 1991 இலிருந்தே சட்டம். அங்கே டாக்ஸியில் ஏறியதும் என் கை தானாகத் தோளுக்குப் போகும். ஊருக்கு வந்தால் அதே கை மடியில் சும்மா கிடக்கும். அன்றைக்கும் அப்படித்தான் கிடந்தது.

சரி, வேன் கதைக்கு வருகிறேன். போன கிழமையே போனில் கேட்டு, "எல்லாச் சீட்டுக்கும் இருக்குங்க மேடம்" என்ற பதிலோடு பதிவு செய்த வேன்தான் முதலில் வந்தது. கதவைத் திறந்து பார்த்தால் பளபளவென்று புதுச் சீட் கவர். பெல்ட்டைக் காணோம். "பின்னுக்கு யாருங்க போடுறாங்க, பொலிஸ் கேக்காது" என்றார் டிரைவர். இரண்டாவது வேனில் பட்டி இருந்தது, மாட்டுகிற பூட்டு இல்லை. மூன்றாவது ஆள், "நான் மெதுவா ஓட்டுறேன், பயப்படாதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு எங்களை ஏற்றிவந்தவரும் மெதுவாகத்தான் ஓட்டினார்.

அப்புறம் மச்சான் வீட்டிலிருந்து ஒரு நம்பர் கொடுத்தார்கள். டிக்கோயாப் பக்கத்துத் தம்பி, கொழும்புக்கு ஆள் இறக்க வந்திருந்தவர். அவருடைய கேடிஎச் என்கிற டொயோட்டா வேனிலும் வெளியில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் என்னோடு வாதாடவில்லை. போன் டோர்ச்சைப் போட்டுச் சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தார். "அக்கா, பெல்ட் இல்லாம இல்ல. கவருக்கு அடியில அமுக்கி வச்சிருக்காங்க. கத்தி ஒண்ணு இருந்தா எடுத்துரலாம்."

விஷயம் இதுதான். ஜப்பானிலிருந்து வரும்போது இந்த வேன்களில் பெல்ட் இருக்கிறது. இங்கே கவர் போடும்போது குஷன் கடையில் பட்டியையும் பூட்டையும் உள்ளே மடக்கித் தைத்துவிடுகிறார்கள், பார்க்க அழகாக இருக்குமாம். தம்பி தன் சொந்தக் கவரின் தையலை என் கண் முன்னால் வெட்டினார். உள்ளேயிருந்து வந்த பெல்ட் புதுசு போலவே இருந்தது. பூட்டில் தூசி. துடைத்து, தண்ணீர் போத்தலால் கழுவி, நாலைந்து தடவை மாட்டிக் கழற்றிப் பார்த்து, கடைசியில் முழுப் பலத்தோடு இழுத்தும் பார்த்தார். எனக்காக ஒரு மனிதர் இவ்வளவு பொறுமையாக ஒரு பெல்ட்டை இழுத்துப் பார்த்ததை நான் மறக்கமாட்டேன்.

அவிசாவளை, கித்துல்கலை, பிறகு ஏற்றம். சின்ன வயதில் பஸ்ஸில் இதே வளைவுகளில் வாந்தி வராமல் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவோம், கினிகத்தேனையில் இறங்கி பிளேன்டீயும் வடையும். இந்தத் தடவையும் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்ட அந்த டீ மட்டும் மாறவில்லை.

விபத்து நடந்த அந்த வளைவில் நிறுத்தச் சொன்னேன். ஊன்றுகோலோடு இறங்கி நின்றேன். அன்றைக்குக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்கு விரிப்பை அவிழ்த்து, அதில் என்னைக் கிடத்தி, நாலு மூலையிலும் பிடித்து ரோட்டுக்கு ஏற்றினார்கள். ஒருவர் 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அழைத்தார். அம்புலன்ஸ் வந்தது, ஒரு சதம் வாங்கவில்லை. 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சேவை அது. மலைக்கும் வந்து சேர்ந்திருந்ததால்தான் நான் இருக்கிறேன். அதன் பிறகு கண்டியில் ஒப்பரேஷன், தொடைக்குள் கம்பி. லண்டன் பஸ்ஸின் மாடிப் படி ஏற எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. முதல் தடவை ஏறி உட்கார்ந்தபோது நினைவுக்கு வந்தது அந்தப் படங்கின் ஈர வாசம்.

அந்தப் பெண்களில் ஒருவரைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் தேடிப் பிடித்தேன். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில் உட்கார வைத்து, உள்ளே காம்பிரா அறைக்குப் போய் ஒரு ஷொப்பிங் பையோடு வந்தார். என்னுடைய இடது கால் சப்பாத்து. "தேடி வருவீங்கன்னு கழுவி வச்சிருந்தேன் தாயி." அவருடைய கையை விடவே எனக்கு மனமில்லை. கொண்டுபோன பணத்தை அவர் வாங்கவில்லை. நான் வைத்திருந்த குடையை மட்டும், நல்ல குடை என்று விரித்துப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

ஊருக்குப் போகிறவர்கள் பதிவு செய்யும்போது "பெல்ட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதீர்கள். பின் சீட்டில் பூட்டு மாட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கவருக்கு அடியில் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். நேரே புறப்பட வேண்டியிருந்தால் ஒரு சின்னக் கத்தரியைப் பெரிய பெட்டியில் வையுங்கள்.

திரும்பி வந்து நாலாம் நாள் தம்பியிடமிருந்து ஒரு படம் வந்தது. எல்லாச் சீட்டிலும் பெல்ட் வெளியில் தொங்குகிறது. கடைசிச் சீட்டில் மட்டும் ஒரு பூட்டு கெட்டுப்போயிருந்ததாம், பழைய சாமான் கடையில் தேடிக்கொண்டிருக்கிறாராம்.