மூடுல் தளம்: ஆசிரியர் நோக்கில் ஒரு மதிப்புரை

இணையவழிப் பாடம் நடத்தும் பல்கலைக்கழக ஆசிரியர்களில் பலர், பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் மூடுல் (Moodle) தளத்தைப் பாடக் குறிப்புகளைப் பிடிஎஃப் கோப்புகளாகப் போட்டுவைக்கும் அலமாரியாகவே பயன்படுத்துகிறார்கள். அதற்கு மட்டும்தான் என்றால் இத்தனை பெரிய மென்பொருள் தேவையில்லை, மின்னஞ்சலே போதும். 2002இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்ட ஆஸ்திரேலியரான மார்ட்டின் டூகியமாஸ், மாணவர்கள் சேர்ந்து இயங்கும்போதுதான் அறிவு உருவாகிறது என்ற கல்விக் கொள்கையை அடிப்படையாகக் கொண்டே இதை வடிவமைத்தார்.

அந்தக் கொள்கை தெளிவாகத் தெரிவது கேள்வி-பதில் வகை விவாத மன்றத்தில்தான். ஆசிரியர் கேட்ட வினாவுக்குத் தம் விடையை எழுதாத மாணவர், பிறர் எழுதியதைப் பார்க்க முடியாது. எழுதிய பிறகும், பதிவைத் திருத்துவதற்கான நேரம், அதாவது வழக்கமான அமைப்பில் 30 நிமிடம், கடந்த பின்னரே மற்ற விடைகள் திறக்கும். எனவே எதையோ எழுதிவைத்துவிட்டு, பிறர் விடையைப் பார்த்துத் தம்முடையதை மாற்றும் தந்திரம் பலிக்காது. நேரடி வகுப்பில்கூட இவ்வளவு எளிதாகக் கிடைக்காத வசதி இது.

வினாடி வினாவில், வினா வங்கியிலிருந்து ஆளுக்கொரு வினாத் தொகுப்பைக் கலைத்துக் கொடுக்கும் வசதியைப் பலரும் அறிவர். ஆனால் மதிப்பெண் வந்தவுடன் ஆசிரியர்கள் பக்கத்தை மூடிவிடுவதால், வினாக்களின் புள்ளிவிவர அறிக்கையைத் திறப்பவர்கள் குறைவு. ஒரு வினாவின் பாகுபாட்டுக் குறியீடு, அதாவது நன்றாக எழுதுபவர்களை மற்றவர்களிடமிருந்து அது எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற அளவு, எதிர்மறையாக இருந்தால், மொத்தத்தில் நன்றாக எழுதியவர்களே அதில் தவறியிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் குறை வினாவின் சொல்லமைப்பிலோ, ஆசிரியர் குறித்துவைத்த விடையிலோதான் இருக்கும். மாணவரைக் குறைசொல்லும் முன் பார்க்கவேண்டிய பக்கம் அது.

2022இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து பிக்புளூபட்டன் என்ற மென்பொருளின் காணொளி நேரலை வகுப்பும் உள்ளேயே இணைந்துள்ளது. நன்று, ஆனால் அதற்காக மட்டும் மூடுலைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மதிப்பெண் ஏடுதான் இதன் பலவீனம். பிரிவுகள், எடைகள், கூட்டும் முறைகள் என அமைப்புகள் அடுக்கடுக்காக இருப்பதால், பாடம் தொடங்கும் முன்பே மாணவர் பார்வைக்கு மாறி மொத்தம் எப்படித் தெரிகிறது என்று சரிபார்ப்பது அவசியம். மென்பொருள் இலவசம் என்பது உண்மையே. ஆனால் சொந்தமாக நிறுவினால் சர்வரும் அதைப் பராமரிக்க ஆளும் தேவை, அந்தச் செலவைப் பல்கலைக்கழகம் ஏற்காவிட்டால் தனி ஆசிரியர் இதில் இறங்காதிருப்பதே நல்லது.