ஜமைக்கா கப்பல் பயணம்: மும்பையில் எக்ஸ்கர்ஷன் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி பக்கம் இருக்கும் நம் ஆட்கள் இப்போது குழுவாகச் சேர்ந்து கரீபியன் கப்பல் பயணத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள், அவர்களைப் பார்க்கப் போகும்போதே மயாமியிலிருந்து ஒரு வாரம் கப்பலில் போய் வந்துவிடலாம் என்று திட்டம். கப்பல் டிக்கெட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கரையில் இறங்கியதும் ஊரைச் சுற்றிக் காட்டுகிறோம், எக்ஸ்கர்ஷன் என்று சொல்லி இங்கேயே ரூபாயில் தனியாக வாங்குகிறார்களே, அந்தப் பணத்தில்தான் எங்களை ஏமாற்றினார்கள். அதுவும் ஜமைக்காவில் மெலிசா புயலில் வீடு இழந்து நிற்கும் ஜனங்களின் பெயரைச் சொல்லி. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் ஒரே சொசைட்டியில் இருக்கும் மூன்று குடும்பம். ஏஜென்ட் ஆபீஸ் கிங்ஸ் சர்க்கிள் பக்கம். புகார் போய்க்கொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. அவரும் தமிழர்தான், எங்கள் மேல்மாடி மாமா வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் வந்தவர், “மாமா, நம்மவாகிட்ட நான் லாபம் பார்ப்பேனா” என்று வாய் நிறையப் பேசுவார். டிசம்பரில் பணம் கட்டினோம். ஜமைக்காவில் ஓச்சோ ரியோஸ் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளுக்கு அவர் கொடுத்த திட்டம் இது: பிளாக் ரிவர் ஆற்றில் முதலை பார்க்கும் படகு சவாரி, அங்கிருந்து ஒய்எஸ் அருவி, கடலுக்குள் மரக்கம்பங்கள் மேல் நிற்கும் பெலிகன் பார், நடுவில் இந்தியச் சைவச் சாப்பாடு. தலைக்கு 14,500 ரூபாய். அதற்கு மேல் ‘புயல் நிவாரணம் மற்றும் துறைமுகச் சீரமைப்புக் கட்டணம்’ என்று தலைக்கு 4,500. அந்த இரண்டாவது தொகைக்கு மட்டும் ரசீது தனித் தாளில், ஜிஎஸ்டி எண் இல்லாமல் வந்தது. புயல் அடித்த நாடு, ஏதாவது வாங்கத்தான் செய்வார்கள் என்று எல்லோரும் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். என் மாமியார் தன் கையிலிருந்து கூடுதலாகவே கொடுத்தார். அவருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், 2018 நவம்பரில் கஜா அடித்தபோது குடும்பத்துத் தென்னந்தோப்பு முழுக்கப் போனது. புயல் நிவாரணம் என்றால் அவரால் கை மடக்க முடியாது.

இப்போது உண்மை நிலவரம். மெலிசா புயல் 2025 அக்டோபர் 28 அன்று ஜமைக்காவின் தென்மேற்கில், வெஸ்ட்மோர்லாண்ட் மாவட்டத்தில் நியூ ஹோப் என்ற இடத்துக்கு அருகே கரையைக் கடந்தது. ஐந்தாம் வகை, அதாவது இருப்பதிலேயே கடுமையான வகை, காற்று மணிக்கு சுமார் 295 கிலோமீட்டர். அதில் பக்கத்து மாவட்டமான செயின்ட் எலிசபெத்தும் சிதைந்தது, அதன் தலைநகரான பிளாக் ரிவர் கிட்டத்தட்ட தரைமட்டம். ஆஸ்பத்திரி, தேவாலயம், சந்தை, பழைய மரவீடுகள் என்று எதுவும் தப்பவில்லை. அந்த மாவட்டத்தைத்தான் நாட்டுக்கே சோறு போடும் மாவட்டம் என்பார்கள், அங்கே விளைந்து நின்ற பயிரும் போயிற்று. ஓச்சோ ரியோஸ் வடக்குக் கரையில், செயின்ட் ஆன் மாவட்டத்தில் இருக்கிறது, அடி வாங்கினாலும் மேற்குப் பக்கம் அளவுக்கு இல்லை, அதனால்தான் கப்பல்கள் சீக்கிரமே திரும்பி வர ஆரம்பித்தன. ஆக, எங்களிடம் டிசம்பரில் விற்றது அக்டோபரிலேயே அழிந்துபோன ஊரின் சுற்றுலாவை. படங்கள் எல்லாம் புயலுக்கு முந்தையவை.

அதையும் விடுங்கள். புயலே வராவிட்டாலும் அந்தத் திட்டம் நடக்காது. ஓச்சோ ரியோஸ் வடக்கே, பிளாக் ரிவர் தென்மேற்கே, நடுவில் மலைப்பாதை. நல்ல ரோட்டிலேயே ஒரு வழிக்கு மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கப்பல் நிற்பது எட்டு மணி நேரம், புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்னாடியே ஏறிவிட வேண்டும். போக, வரவே ஆறு மணி நேரம் போனால் முதலையை எங்கே பார்ப்பது?

அன்று காலை நடந்தது இது. துறைமுகப் பாலத்தைத் தாண்டி வெளியே வந்ததும் வண்டி அனுப்பும் மேசை ஒன்று இருக்கிறது, சீருடை போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். எங்கள் வவுச்சரை வாங்கிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுப் படித்தார். திருப்பியும் படித்தார். அப்புறம், “எனக்கு சான்டா க்ரூஸ் ஊர், பிளாக் ரிவருக்குப் பக்கம். என் அக்கா வீட்டுக்கு இன்னும் கூரை இல்லை. உங்களை அங்கே சுற்றிப் பார்க்க அனுப்பியது யார்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. என் மாமியாருக்கு ஆங்கிலம் வராது, என்ன சொல்கிறார் என்று என் மனைவியிடம் கேட்டார், மனைவி பதில் சொல்லாமல் நின்றாள்.

வவுச்சரில் உள்ளூர் ஆபரேட்டர் என்று ஒரு எண் இருந்தது. அந்த அம்மாவே தன் போனில் கூப்பிட்டார். அரை மணி நேரத்தில் ஒரு நடுவயது மனிதர் மினி பஸ்ஸோடு வந்து இறங்கினார். அவர் எங்களை ஏமாற்றியவர் இல்லை, அவரையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறார்கள். தன் வாட்ஸாப்பைத் திறந்து என் கையில் கொடுத்தார். நவம்பர் முதல் வாரத்திலேயே மும்பை எண்ணுக்கு அவர் எழுதியிருக்கிறார்: தெற்குக் கரை சுற்றுலா எல்லாம் மூடிவிட்டது, எப்போது திறக்கும் என்று தெரியாது, முன்பதிவு எடுக்க வேண்டாம். அதன் கீழே எங்கள் ஏஜென்ட்டிடமிருந்து ஒரு கட்டைவிரல், இரண்டு நீல டிக். அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார். அந்த மனிதருக்கு எங்கள் பெயரில் ஒரு டாலர்கூட வரவில்லை. அந்தத் திரையை அவர் சம்மதத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டேன், புகாரில் இன்று எங்களுக்கு இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான்.

ஏஜென்ட்டைக் கூப்பிட்டோம். ஜமைக்காவில் காலை பத்து என்றால் மும்பையில் இரவு எட்டரை. எடுக்கவில்லை. மேசேஜ் போய்ச் சேர்ந்தது, பதில் இல்லை.

சரி, நாள் வீணாகக் கூடாதென்று அந்த டிரைவரிடமே பேசினோம். ஏறுவதற்கு முன்பே மொத்தத் தொகையைச் சொன்னார், தலைக்கு இவ்வளவு என்றில்லை, வண்டிக்கு இவ்வளவு என்று, காத்திருப்பும் சேர்த்து. டன்ஸ் ரிவர் அருவிக்கு அழைத்துப் போனார், துறைமுகத்திலிருந்து சில நிமிடம்தான். சுமார் 180 மீட்டர் நீளத்துக்குப் படிப்படியாக இறங்கி நேரே கடலில் விழுகிற அருவி, கைகோத்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏற வேண்டும், வழுக்காத செருப்பு கட்டாயம். முட்டிவலிக்காரர்கள் ஓரத்துப் படிக்கட்டில் ஏறிப் பார்க்கலாம், என் மாமியார் அப்படித்தான் பார்த்தார். சைவம் என்று சொன்னதும் டிரைவர் ராஸ்தாஃபாரி என்ற ஜமைக்கா சமயத்தார் நடத்தும் ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். அவர்கள் ஐட்டல் என்று ஒரு சமையல் வைத்திருக்கிறார்கள், மாமிசம் கிடையாது, உப்பும் பல இடத்தில் போடுவதில்லை, வேண்டுமென்றால் நாம் போட்டுக்கொள்ளலாம். கலலூ என்று ஒரு கீரை தந்தார்கள், நம்ம குப்பைக்கீரை இனம்தான் அது, என் மாமியார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். வழியில் கூரைகள்மேல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்த வீடுகளைப் பார்த்தோம். படம் எடுக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டோம். உங்களிடமும் அதைக் கேட்டுக்கொள்கிறேன், யாரோ ஒருவர் உடைந்த தன் வீட்டு வாசலில் நிற்கும்போது நாம் பஸ்ஸிலிருந்து கேமரா நீட்டுவது நன்றாக இல்லை.

மும்பை திரும்பி ஆபீஸுக்குப் போனால் ஏஜென்ட்டின் முதல் வார்த்தை “புயல் சார், தெய்வச் செயல், கண்டிஷன்லயே இருக்கு, ரீஃபண்ட் வராது.” இந்த ஒரு வாதத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் திரும்பி வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள். பணம் வாங்கிய பிறகு புயல் வந்திருந்தால் அது தெய்வச் செயல். புயல் வந்து, ஊர் அழிந்து, அங்கே போக முடியாது என்ற தகவலும் கைக்கு வந்த பிறகு விற்றால் அது மோசடி. நிவாரணக் கட்டணத்தைக் கேட்டால் ஜமைக்கா அரசாங்கம் வாங்குவது என்றார். அரசாங்க ரசீது காட்டுங்கள் என்றோம், இன்றுவரை காட்டவில்லை. அந்த நாட்டு அரசு நிவாரணத்துக்கென்றே ‘சப்போர்ட் ஜமைக்கா’ என்று சொந்த இணையதளம் வைத்திருக்கிறது, கொடுக்க நினைப்பவர்கள் நேராக அதில் கொடுக்கலாம். கிங்ஸ் சர்க்கிளில் தலைக்கு 4,500 வசூல் செய்ய அவர்கள் யாரையும் வைத்ததற்கு எந்தத் தாளும் எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். கரைச் சுற்றுலாவை இங்கே வாங்காதீர்கள். கப்பல் கம்பெனி விற்கும் சுற்றுலா விலை கூடுதல்தான், ஆனால் ஓரிடம் மூடியிருந்தால் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவார்கள், ரத்தானால் பணம் திரும்பும், அதில் போய் வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே எடுத்த சுற்றுலாவுக்குக் காத்திருக்காது, வயதானவர்களோடு போனால் இது ரொம்ப முக்கியம். வெளியே வண்டி எடுப்பதாக இருந்தால் சிவப்பு நம்பர் பிளேட் இருக்கிறதா என்று பாருங்கள், ஜமைக்காவில் உரிமம் பெற்ற வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். வண்டி அனுப்பும் மேசையில் கேட்டு எடுங்கள், தொகையை ஏறும் முன்பே பேசுங்கள், அமெரிக்க டாலரா ஜமைக்கா டாலரா என்பதையும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள், இரண்டையும் டாலர் என்றே சொல்வார்கள், மதிப்பு எங்கேயோ இருக்கிறது. மார்ச் இரண்டாவது ஞாயிறுக்குப் பிறகு போகிறவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள்: அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், ஜமைக்காவில் தள்ளுவதில்லை. கப்பல் மயாமி நேரத்திலேயே ஓடினால் உங்கள் போன் உள்ளூர் நேரம் காட்டும், அதை நம்பி ஒரு மணி நேரம் பிந்தி வந்து நிற்பீர்கள். எந்த நேரம் என்று கப்பலிலேயே கேட்டு, கைக்கடிகாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வானிலையால் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் அந்தத் துறைமுக வரியைக் கப்பல் கம்பெனி பொதுவாகத் திருப்பித் தரும், அது ஏஜென்ட் கணக்கில் போய் நின்றுவிட்டதா என்று கேளுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். அதில் தீராவிட்டால் நுகர்வோர் வழக்குக்கான ஈ-ஜாக்ருதி என்ற அரசு இணையதளத்தில் வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நாங்கள் பாந்த்ராவில் இருக்கும் புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறோம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டியவர்கள் வங்கியில் உடனே எதிர்ப்புப் பதியுங்கள், எங்கள் மேல்மாடி மாமாவுக்கு வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறது. யூபிஐயில் கட்டிய எங்களுக்கு அப்படி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.

அப்புறம், வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் என்றால் டிசிஎஸ் என்று, அதாவது விற்பவரே பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய ஒரு வரியை ஏஜென்ட் உங்களிடம் பிடித்திருப்பார். அது உங்கள் பான் எண்ணில் 26ஏஎஸ் படிவத்தில், அதாவது உங்கள் பெயரில் பிடித்த வரியின் கணக்கில், வந்திருக்க வேண்டும். எங்கள் மூன்று குடும்பத்தில் இரண்டு பேருக்கு வரவில்லை, பிடித்த வரி அரசாங்கத்துக்குப் போய்ச் சேரவில்லையோ என்று சந்தேகம். இன்றைக்கே வருமான வரித் தளத்தில் போய்ப் பாருங்கள். பில், வவுச்சர், விளம்பரப் படம், பேசிய வாட்ஸாப் எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனிலும் போட்டு வையுங்கள், நாங்கள் புகார் கொடுத்த அன்று சாயங்காலமே வாட்ஸாப் குழுவில் ஏஜென்ட் போட்டிருந்த பழைய பிளாக் ரிவர் படங்களும் விலைப் பட்டியலும் காணாமல் போய்விட்டன.