பூங்காவா, கடலோரமா, ஐ.சி.எஃப். தெருவா: வடசென்னையில் ஓட எது தோது?

2023 நவம்பரில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு ஒரு திட்டம் தொடங்கியது. சென்னைக்கான பாதை பெசன்ட் நகரில் அமைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வடசென்னையில், செம்பியத்தில் இருப்பவன் பஸ் பிடித்து அங்கே போய் ஷூ கயிற்றைக் கட்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். ஓட வேண்டுமென்றால் பக்கத்திலேயேதான் இடம் பார்க்க வேண்டும். நான் பார்த்தவை மூன்று: பெரம்பூர் மேம்பாலத்தை ஒட்டிய பூங்கா, காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் பக்கம் போகும் எண்ணூர் சாலை, ஐ.சி.எஃப். என்கிற ரயில்பெட்டித் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் தெருக்கள். இப்போது நான் ஓடுவது மூன்றாவதில். அதனால் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இராயபுரத்துக்காரர்கள் ராபின்சன் பூங்காவை ஏன் விட்டாய் என்று கேட்பார்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த இடம் அது. வரலாறு பெரிது, ஓடுகிறவனுக்குச் சுற்று சிறிது. விட்டுவிடலாம்.

பூங்காவின் நல்லவை எல்லோருக்கும் தெரியும். வண்டி வராது, விளக்கு இருக்கும், உட்கார பெஞ்சு இருக்கும், நாலு பேர் கண்ணில் படுவோம். நடப்பதற்கு அதைவிட வேறு இடம் தேட வேண்டியதில்லை. ஓடும்போதுதான் சிக்கல். பாதை குறுகல். பேச்சு சுவாரசியத்தில் மூன்று பேர் வரிசையாக அடைத்துக்கொண்டு போவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ‘சார், கொஞ்சம்’ என்று கேட்டு ஒதுங்கி ஓட வேண்டும். பேவர் பிளாக் கல் பதித்த தரை ஒரு மழைக்காலம் தாண்டினால் அங்கங்கே இறங்கிவிடும். கல்லுக்குக் கல் விரலளவு ஏற்ற இறக்கம் போதும், கால் பிசகுவதற்கு. அப்புறம், எல்லோரும் கோயில் பிரகாரம் சுற்றுவது போல வலமாகத்தான் வருவார்கள். எதிர்த்திசையில் ஓடிப் பாருங்கள், பெரிசுகள் பார்க்கிற பார்வையிலேயே புரிந்துவிடும். இந்த வலம் வருவது சின்ன விஷயம் போலத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எண்ணூர் சாலையின் கவர்ச்சி கடல். விடிகிற நேரத்தில் அந்த வெளிச்சத்துக்கு ஈடே இல்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். இங்கே ஓடுவதற்கு மணல் கிடையாது, கருங்கல் குவியல்தான். சென்னைக் கடற்கரையில் மணல் ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே இராயபுரம் தொடங்கி கடல் கரையைத் தின்றது. மிச்சத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கல் சுவர். அவர்களுக்கு மணல், நமக்குக் கல்.

காற்றும் நினைக்கிற மாதிரி இல்லை. கடற்காற்று நிலம் சூடான பிறகு, பகலில்தான் உள்ளே வரும். விடியற்காலையில், முக்கியமாக வெயில் காலத்தில், காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். திருவொற்றியூருக்கு மேற்கே இருப்பது ஆலைகள் நிறைந்த மணலி. ஆக, கடலைப் பார்த்துக்கொண்டு ஓடினாலும் பல நாள் மூக்கில் ஏறுவது மணலிப் பக்கத்து ஆலை வாடைதான். இதோடு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள். அவை வரிசை கட்டி நிற்கும்போது டீசல் புகையும் சேர்ந்துகொள்ளும்.

சரி, வாடையையும் புகையையும் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். குத்துச்சண்டை பழகும் பையன்கள் அந்தப் பக்கம் இருட்டோடு ஓடுவது பழைய வழக்கம். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: சாலையின் சாய்மானம்.

எந்தத் தார் ரோடும் தட்டையாக இருக்காது. மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும் என்பதற்காக நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும் போடுவார்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சரிவு. நடக்கும்போது தெரியவே தெரியாது. ஆனால் ஓடுகிறவன் எங்கே ஓடுகிறான்? வண்டிக்குப் பயந்து ஓரத்தில். வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியட்டும் என்று வலது ஓரத்தில் ஓடுவதுதான் முறை. அங்கே தரை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். வலது பாதம் வெளிப்பக்கமாகச் சரிந்து விழும், இடது பாதம் உட்பக்கமாக மடங்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரம் அடியாவது விழும். எல்லா அடியும் அதே கோணலில். வலது முழங்காலின் வெளிப்புறம் மட்டும் வலிக்கிறது, இடது கால் சுகமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர் எந்த ஓரத்தில் ஓடுகிறார் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் பழைய ஷூவைத் திருப்பிப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் தேய்வது பெரும்பாலோருக்கு உள்ளதுதான். பார்க்க வேண்டியது, இரண்டு ஷூவும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்பதை. என் எண்ணூர் ரோட்டு ஷூவில் வலது குதிகாலின் வெளி ஓரத்தில் கோடுகளே இல்லை, வழவழவென்று ஆகிவிட்டது. இடதில் கோடு இன்னும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

எண்ணூர் சாலையில் ஆளில்லாத நேரம் பார்த்து நடுவில் ஓடினாலும் பயனில்லை. நடுவே தடுப்பு வைத்துப் பிரித்த ரோட்டில் தடுப்பிலிருந்து ஓரம் வரை ஒரே பக்கச் சரிவாகத்தான் போடுவது வழக்கம். போன ஓரத்திலேயே திரும்பி வந்தால் சாய்வு மாறிக்கொள்ளும், இரண்டு காலுக்கும் கணக்கு சரியாகிவிடும். அது உண்மை. ஆனால் திரும்பும்போது டிரெய்லர் முதுகுப் பக்கம் வரும். முழங்காலைக் காப்பாற்ற முதுகைக் கொடுக்க நான் தயாரில்லை.

பூங்காவில் வலம் வருவதும் இதே கதைதான். எப்போதும் வலப்பக்கமே திரும்பினால் உள்பக்கக் காலும் வெளிப்பக்கக் காலும் செய்யும் வேலை வேறு வேறு. சின்னச் சுற்றாக இருந்தால் திருப்பம் அடிக்கடி வரும். நடப்பவருக்கு இது ஒன்றுமில்லை. தினமும் நாலைந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

இப்போது ஐ.சி.எஃப். 1955இல் ரயில்பெட்டித் தொழிற்சாலை வந்தபோது கூடவே வந்த குடியிருப்புகள். அகலமான தெரு, இருபுறமும் வளர்ந்த மரம், வீடுகளுக்கு நடுவே தாராளமான இடைவெளி. மரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் இந்த இடத்தைப் புகழ்வார்கள். என்னைக் கேட்டால் அதன் அருமை வேறு: விடியற்காலையில் அங்கே நடுரோட்டில் ஓடலாம். மேடான அந்த நடுப்பகுதியில் இரண்டு காலுக்கும் தரை ஒன்றுதான். வண்டிச் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்கிவிட்டு மறுபடி நடுவுக்கு வந்துவிடலாம். பால் பாக்கெட் போடுகிறவர் முதல் தடவை பார்த்தபோது வண்டியை நிறுத்தி, “இன்னா சார், சொந்த ரோடு மாரி நடுவுல ஓட்றீங்க?” என்றார். இப்போது அவரே விலகிப் போகிறார்.

இன்னொன்று, தெருக்கள் கட்டம் கட்டமாக இருப்பதால் ஒரு நாள் வலமாகவும் ஒரு நாள் இடமாகவும் திரும்பி வழியைக் கோத்துக்கொள்ளலாம். முறைத்துப் பார்க்க யாருமில்லை. தெருவோரத்தில் பல இடங்களில் மண் தரையும் கிடைக்கிறது. மண்ணில் ஓடினால் காயமே வராது என்று சொல்வோர் உண்டு. அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். தரை மெத்தென்று இருந்தால் உடம்பு காலை விறைப்பாக்கிக்கொள்ளும், தரை கெட்டியாக இருந்தால் தளர்த்திக்கொள்ளும். மண்ணைவிடச் சமதளம்தான் எனக்கு உதவியதாகத் தோன்றுகிறது. இதுவும் என் ஒரு ஜோடி முழங்காலின் சாட்சிதான், டாக்டர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறை இல்லாமலா? நாய்கள் இருக்கின்றன. ஓடுகிற ஆளைக் கண்டால் துரத்துவதும், நின்று நடந்தால் ஆர்வம் போய்ப் படுத்துக்கொள்வதும் அவற்றின் வழக்கம், நடந்தே அந்த இடத்தைக் கடந்துவிடுகிறேன். மரவேர் தாரைத் தூக்கிய இடங்கள் இருட்டில் தெரியாது. ஷிஃப்ட்டுக்கு ஆட்கள் கிளம்பும் நேரம் பைக்கும் சைக்கிளுமாக நிறைந்துவிடும், அதற்கு முன்னாலேயே ஓட்டத்தை முடித்துவிட வேண்டும். இரவு ஓட்டம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், நான் காலை ஆள். பெண்கள் தனியாக ஓடுவதைப் பற்றி நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. என் அக்கா வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு ஆளில்லாத தெரு தனக்கு வேண்டாம் என்று பூங்காவுக்கே திரும்பிவிட்டாள். அவள் கணக்கில் முழங்கால் இரண்டாவதுதான்.

புழல் ஏரிக்கரையைச் சொல்பவர்களும் உண்டு. 1876இல் கட்டியது, 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும் ஏரி, பார்க்கவே கண் நிறையும். அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன், ஓடியதில்லை. மாதவரம் தாண்டி இருப்பவர்களுக்கு வேண்டுமானால் அது பக்கம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் முதல் சில வாரம் பூங்காவிலேயே நடந்து ஓடிப் பழகுங்கள், எண்ணூர் ரோட்டை ஞாயிற்றுக்கிழமைக் கடலுக்காக வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் அரை மணி நேரம் ஓடும் நிலை வந்துவிட்டால் ஐ.சி.எஃப். பக்கம் வரலாம். வண்டியைக் குவார்ட்டர்ஸ் வாசலை மறிக்காமல் நிறுத்துங்கள்.