கார்ல டூயல் காயில் சப் ஊஃபர் மாட்டப் போறீங்களா? என் வண்டியில் புகை வந்த கதையைப் படிச்சிட்டுப் போங்க

போன மாதம் குடும்பத்தோடு திருச்செந்தூர் கிளம்பினோம். அருப்புக்கோட்டை தாண்டியதும் வண்டிக்குள் கருகல் வாடை. பின் சீட்டில் அம்மாவும் என் இரண்டு பிள்ளைகளும். ஓரங்கட்டி டிக்கியைத் திறந்தால், ஸ்பீக்கருக்குப் பவர் கொடுக்கும் ஆம்ப்பிலிருந்து புகை. பானெட்டைத் திறந்து பேட்டரி வயரைக் கழற்றும்வரை எனக்குக் கை கால் ஓடவில்லை.

அது மதுரையில் ஒரு கார் அக்சஸரீஸ் கடையில் நான்கு மாதம் முன்பு மாட்டிய செட். 12 இன்ச் டூயல் காயில் ஊஃபர் (பாஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர், ஒவ்வொன்றிலும் இரண்டு காயில்) இரண்டு, மோனோ ஆம்ப் (ஒரே சேனல் உள்ளது), பெட்டி, வயரிங், கூலி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். நான் கேட்டது 4 ஓம்ஸ் காயில். ஓம்ஸ் என்பது காயில் கரண்டைத் தடுக்கும் அளவு. "அதேதான் தம்பி, கவலைய விடுங்க" என்றார் கடைக்காரர்.

முதல் வாரத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. கொஞ்சம் சத்தம் கூட்டினால் பத்து நிமிடத்தில் ஆம்ப்புக்கு ஆபத்து என்று காட்டும் ப்ரொடெக்ட் லைட் எரிந்து ஆம்ப் நின்றுவிடும். கொண்டுபோய்க் காட்டினேன். பேட்டரி வீக் என்று சொல்லி 2,800 ரூபாய்க்கு, கரண்டைச் சேமித்துக் கொடுக்கும் ஒரு கெப்பாசிட்டரை என் தலையில் கட்டினார்கள். சரியாகவில்லை. மறுபடி போனால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் மேல் பழி. ஒரு தடவைகூட ஊஃபரைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

பார்த்தது என் சித்தப்பா. காதுகுத்து, கோயில் பொங்கல் என்று முப்பது வருடமாக சவுண்டு சர்வீஸ் நடத்துகிறவர். ஊஃபரை வெளியே எடுத்து, வயர்களைப் பிரித்து, ஒவ்வொரு காயிலிலும் மல்டிமீட்டர் வைத்தார். நான்கு காயிலும் 1.8, 1.9 என்றே காட்டின. எழுதியிருக்கும் ஓம்ஸைவிட மீட்டர் கொஞ்சம் குறைத்தே காட்டும்; 4 ஓம்ஸ் காயில் என்றால் மூன்றரை பக்கம் காட்டியிருக்க வேண்டும். ஊஃபரின் பின்பக்கம் இருந்த மாடல் நம்பரும் டி2 என்று முடிந்தது. 4 ஓம்ஸ் என்றால் அங்கே டி4 இருந்திருக்கும். எனக்குத் தெரிந்திருந்தால் கடையிலேயே பார்த்திருப்பேன்.

"நாலு காயிலையும் பேரலல்ல போட்டுருக்கான்டா. அரை ஓம்ஸ். எந்த ஆம்ப்புடா தாங்கும்?" என்றார்.

கணக்கு இதுதான். நான்கு 4 ஓம்ஸ் காயிலைப் பேரலலாக, அதாவது ப்ளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக இணைத்தால் 1 ஓம்ஸ் வரும். என் ஆம்ப்பில் குறைந்தபட்சம் 1 ஓம்ஸ் என்று அச்சடித்தே இருக்கிறது. அதற்குச் சரியாக இருந்திருக்கும். அதே இணைப்பில் 2 ஓம்ஸ் காயில்களைப் போட்டால் 0.5 ஓம்ஸ். ஓம்ஸ் பாதியானால் அதே வால்யூமில் ஆம்ப் தள்ள வேண்டிய கரண்ட் இரண்டு மடங்கு. ப்ரொடெக்ட் லைட் நான்கு மாதமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கெப்பாசிட்டர் போட்டால் 0.5 ஓம்ஸ் 1 ஓம்ஸ் ஆகாது.

இதைவிட என்னைப் பதறவைத்தது வேறு. பேட்டரியிலிருந்து டிக்கிவரை வரும் பவர் வயரில் ஃபியூஸே இல்லை. ஆம்ப்பில் ஃபியூஸ் இருக்கிறதே என்று சித்தப்பாவிடம் கேட்டேன். அது ஆம்ப்புக்குத்தான் என்றார். இன்ஜின் பக்கத்துத் தகட்டில் உரசி வயரின் தோல் கிழிந்தால் பேட்டரியின் மொத்தக் கரண்டும் பாடியில் இறங்கும், வயரே தீப்பிடிக்கும். அதனால் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். சில நூறு ரூபாய்ச் சாமான். அதைப் போடாமல் பிள்ளைகள் உட்காரும் வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வயரைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம். செம்பு வெறும் மேல்பூச்சு. காப்பர் வயர் என்றுதான் காசு வாங்கினார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "ஓவரா வால்யூம் வச்சா வாரண்டி கிடையாது" என்று கையை விரித்துவிட்டார். என்னிடம் இருந்தது கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டு. அதில் மாடல் நம்பர் இல்லை, ஓம்ஸ் இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஜிபேயில் பணம் அனுப்பிய விவரமும், அப்போது எடுத்த போட்டோக்களும்தான் இப்போது என் கையில் உள்ள ஆதாரம்.

ஊஃபர்கள் தப்பித்துவிட்டன. புது ஆம்ப் வாங்கி சித்தப்பாவே மாட்டினார். ஒவ்வொரு ஊஃபரிலும் ஒரு காயிலின் மைனஸை அடுத்த காயிலின் ப்ளஸ்ஸில் சேர்த்தால் சீரிஸ். 2ம் 2ம் 4 ஓம்ஸ். அப்படி இரண்டு ஊஃபரையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம்ஸ். இதில் ஒரு காயிலின் ப்ளஸ் மைனஸ் மாறினாலும் இரண்டு காயிலும் எதிரெதிராக இழுத்து பாஸ் காணாமல் போகும், காயிலும் சூடாகும். அதனால் ஒவ்வொரு முனையையும் இரண்டு தடவை பார்த்தார்.

நீங்கள் கடையில் மாட்டினால், ஸ்பீக்கர் வயரை ஆம்ப்பில் முடுக்குவதற்கு முன்பு அதன் இரண்டு முனையிலும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ஆம்ப்பில் போட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம்ஸைவிட ரொம்பக் கீழே காட்டினால் வண்டியை எடுக்காதீர்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பானெட்டைத் திறந்து நீங்களே பாருங்கள்.