சி.டி.ஐ. பீன்களின் ஸ்கோப்பும் ஆயுட்காலமும்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

யாழ்ப்பாணத்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சேமிப்பு, கடன் கணக்குகளுக்கான இணையச் செயலியை எங்கள் சிறு குழு பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறது. அதில் பீன்களை (செயலியின் வேலைகளைச் செய்யும் ஜாவாப் பொருள்களை) உருவாக்கி, இணைத்து, உரிய நேரத்தில் அழிக்கும் பொறுப்பு முழுவதும், 2009 டிசெம்பரில் ஜாவா இ.இ. 6 உடன் அறிமுகமான சி.டி.ஐ. (Contexts and Dependency Injection) என்னும் வசதியிடம் உள்ளது. ஒரு பீன் எதுவரை வாழும் என்பதைத் தீர்மானிக்கும் குறிப்பே ஸ்கோப். அதன் தெரிவைப் பலர் நினைவகச் சிக்கனத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தப் பீன் சுமக்கும் தரவு யாருடையது, எதுவரைக்கும் அவருடையது?

செயலி எங்கள் கைக்கு வந்தபோது, காசாளர் தேடி எடுத்த அங்கத்தவரின் விபரம் செஷன் ஸ்கோப்ட் பீன் ஒன்றில், அதாவது பயனர் ஒருவரின் செஷன் முழுவதும் வாழும் பீனில், வைக்கப்பட்டிருந்தது. காசாளர் ஒருவர் ஓர் அங்கத்தவரின் கடன் தவணையைப் பதிந்துகொண்டிருந்த வேளையில், வரிசையில் நின்ற மற்றொருவர் தமது மீதியைக் கேட்க, புதிய தாவலில் அவருடைய கணக்கைத் திறந்து பார்த்துச் சொல்லிவிட்டு, முதல் தாவலுக்குத் திரும்பித் தவணையைச் சேமித்தார். திரையில் முதலாமவரின் பெயர்தான் இருந்தது. பணமோ இரண்டாமவரின் கணக்கில் வரவாகியது. இரண்டு தாவல்களும் ஒரே செஷன் குக்கியையே அனுப்புவதால், சேவையகத்தில் அவ்விரண்டுக்கும் பொதுவாக ஒரேயொரு பீன்தான் இருக்கும். செஷன் என்பது காசாளருக்கு உரியது, தெரிவு செய்த அங்கத்தவர் அந்தத் திரைக்கு உரியவர் என்று பிரித்து, பின்னதை, அந்தத் திரை இருக்கும்வரை மட்டும் வாழும் வியூ ஸ்கோப்ட் ஆக மாற்றியதும் சிக்கல் நின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இணையத் திரைகளை அமைக்கும் ஜாவாச் சட்டகமான ஜே.எஸ்.எஃப். இன் 2.2 பதிப்பில், 2013 இல் வந்த வியூ ஸ்கோப்ட் சி.டி.ஐ. பீன்களுக்கு உரியது, அதே பெயரில் பழைய பொதியில் இருப்பது அவற்றுக்கு உரியதன்று. எடிட்டர் காட்டும் முதல் பரிந்துரையை அப்படியே ஏற்று, நேம்ட் என்ற குறிப்புள்ள வகுப்பில் பழையதை இறக்குமதி செய்தால், பிழைச் செய்தி எதுவுமின்றி அந்தப் பீன், சொந்த ஆயுள் இல்லாத டிபென்டென்ட் வகை ஆகிவிடும். பயனர் நிரப்பிய விபரம் அடுத்த சொடுக்கில் காணாமற் போவதைப் பார்த்தால் இதைத்தான் முதலில் தேடுவேன்.

சி.டி.ஐ. இல் நான் மிகவும் மதிப்பது கிளையன்ட் புரொக்சியைத்தான். செயலி முழுவதற்கும் ஒன்றாக வாழும் அப்ளிகேஷன் ஸ்கோப்ட் சேவைக்குள், ஒரு கோரிக்கையோடு முடிந்துவிடும் ரிக்வெஸ்ட் ஸ்கோப்ட் பீனைத் தயக்கமின்றி இணைக்க முடிவது அதனால்தான். உண்மையில் உள்ளே வைக்கப்படுவது ஒரு புரொக்சி, அதாவது பதிலாள் பொருள். ஒவ்வொரு மெதட் அழைப்பின்போதும் அது நடப்பிலுள்ள கோரிக்கைக்கு உரிய பீனைத் தேடி அழைப்பை அங்கே சேர்க்கிறது. மற்றொரு ஜாவாச் சட்டகமான ஸ்பிரிங்கில், செயலிக்கு ஒன்றாக இருக்கும் சிங்கிள்டன் பீனுக்குள் இப்படிச் செய்ய, பொதுவான ஸ்கோப் குறிப்பை எழுதினால் புரொக்சி வேண்டுமெனத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இங்கே அது இயல்பாகவே வருகிறது. அதற்கு ஈடாக, வகுப்பு ஃபைனல் ஆக இருக்கக் கூடாது, பிரைவேட் அல்லாத, அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றும் இருக்க வேண்டும். குழுவுக்குப் புதிதாக வருபவர்கள் டீபகரில் அந்தப் பொருளை விரித்து, எல்லாப் புலங்களும் நல் (null, வெறுமை) என்று காட்டுவதைக் கண்டு பதறுவார்கள். அவை புரொக்சியின் புலங்கள். கெட்டர் ஒன்றை அங்கேயே இயக்கிப் பார்த்தால் உண்மையான மதிப்பு தெரியும்.

எனக்கு நெடுநாளாக மனக்குறை தந்தது டிபென்டென்ட். எந்த ஸ்கோப்பும் எழுதாவிட்டால் அதுவே பொருந்தும் என்பதால், யாரும் தெரிந்து முடிவெடுக்காமலே பல வகுப்புகள் அந்த நிலையில் கிடக்கின்றன. அதற்குப் புரொக்சியும் இல்லை, சொந்த ஆயுளும் இல்லை. யாருக்குள் இணைக்கப்படுகிறதோ அவரோடு வாழ்ந்து அவரோடு மடியும். எங்கள் குறுஞ்செய்தி அனுப்பும் சேவை அப்ளிகேஷன் ஸ்கோப்ட். அதற்குள், பீன்களைத் தேவைப்படும்போது கேட்டுப் பெறும் இன்ஸ்டன்ஸ் என்ற இடைமுகம் வழியாக, ஒவ்வொரு செய்திக்கும் கெட் மூலம் ஒரு டிபென்டென்ட் பொருள் பெறப்பட்டது. அந்த வகுப்பில், அழிக்கப்படும் முன் இயங்கும் பிரீ டெஸ்ட்ரோய் மெதட் இருந்தமையால், அதைப் பின்னர் அழைப்பதற்காக, பீன்களை நிர்வகிக்கும் கொள்கலன் ஒவ்வொரு பொருளையும் பிடித்து வைத்துக்கொண்டது. சேவையோ சேவையகம் நிற்கும்வரை சாகாது. ஹீப் டம்ப் (நினைவகத்தின் நகல்) எடுத்துப் பார்த்தபோது, வேலை முடிந்த பொருள்கள் அத்தனையும், கொள்கலன் அவற்றைக் குறித்து வைக்கும் கிரியேஷனல் கான்டெக்ஸ்ட் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தன. சி.டி.ஐ. 1.1 இலிருந்து உள்ள டெஸ்ட்ரோய் மெதடை, பயன்படுத்தி முடிந்த கையோடு ஃபைனலி பகுதியில் அழைத்ததும் நினைவகம் சமநிலைக்கு வந்தது.

அப்ளிகேஷன் ஸ்கோப்ட் பற்றி ஒன்றே சொல்ல வேண்டும்: சி.டி.ஐ. அதற்குப் பூட்டு எதுவும் போடுவதில்லை. ஜாவா இ.இ. இன் மற்றொரு பகுதியான இ.ஜே.பி. இன் சிங்கிள்டனில், ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் அனுமதிக்கும் பூட்டை (write lock) கொள்கலன் இயல்பாகவே தருவதால், அந்தப் பழக்கத்தில் இங்கே வருபவர்கள் மாறும் தரவைச் சாதாரண ஹாஷ் மேப்பில் வைத்துவிடக் கூடாது. மாத இறுதி வட்டிக் கணிப்பு போலத் தனி இழையில் ஓடும் பணிகளில் ரிக்வெஸ்ட் ஸ்கோப்ட் பீனைத் தொட்டால் கான்டெக்ஸ்ட் நொட் அக்டிவ் என்ற விதிவிலக்கு எழும். 2017 இல் வந்த சி.டி.ஐ. 2.0 இன் ஆக்டிவேட் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் அந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஆனால் அது திறப்பது புத்தம் புதிய சூழல். பணியைத் தொடக்கிய அலுவலரின் பெயர் அதில் இராது, அதை அளவுருவாகவே கொடுத்தனுப்ப வேண்டும்.

சி.டி.ஐ. 4.0 க்கு, அதாவது ஜகார்த்தா இ.இ. (ஜாவா இ.இ. இன் புதிய பெயர்) 10 க்கு மாறியபோது, சி.டி.ஐ. இன் அமைப்புக் கோப்பான பீன்ஸ் எக்ஸ்.எம்.எல். வெறுமையாக இருந்தால் அந்தக் கோப்பின் பொருளே மாறியிருந்தது. முன்னர் எல்லா வகுப்புகளையும் பீன்களாக ஏற்ற அந்தக் கோப்பு, இப்போது ஸ்கோப் போன்ற குறிப்புள்ளவற்றை மட்டுமே ஏற்கிறது. சத்தமின்றி டிபென்டென்ட் ஆக ஓடிக்கொண்டிருந்த வகுப்புகளைத் தேடிச் சேவையகம் தொடக்கத்திலேயே பிழைகளை அடுக்கியது. கோப்பில் ஒரு சொல்லை மாற்றிப் பழைய நடத்தையைத் திரும்பப் பெறும் வழி இருந்தும் நாங்கள் அதை நாடவில்லை. ஒவ்வொரு வகுப்பையும் எடுத்து, அதிலுள்ள தரவு யாருடையது என்று கேட்டு, உரிய ஸ்கோப்பை எழுதினோம். டிபென்டென்ட் ஆகவே இருக்க வேண்டியவற்றிலும் இப்போது அந்தப் பெயர் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது.